பிள்ளைக்குப் போன் லைன்: யார் பெயரில், எப்படி எடுப்பது

சிங்கப்பூரில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்த கையோடு பல வீடுகளில் எழும் பேச்சு, பிள்ளைக்கு ஒரு போன். உயர்நிலை ஒன்றுக்குப் போகும் பிள்ளை தனியாக எம்ஆர்டி ஏற வேண்டும், துணைப்பாட வகுப்புக்குப் போக வேண்டும், இணைப்பாட நடவடிக்கை முடிந்து மாலையில் வர வேண்டும். தேவை நியாயமானதுதான். ஆனால் கடைக்குப் போகும்போது எந்த போன், எத்தனை ஜிபி என்பதில்தான் எல்லார் கவனமும் இருக்கும். லைன் யார் பெயரில் என்பதை விற்பனையாளர் படிவத்தை நீட்டும்போதுதான் யோசிக்கிறோம். அதை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டணம் யாரிடம் கேட்கப்படும், எண் யாருக்குச் சொந்தம், பாதியில் நிறுத்தினால் யார் பணம் கட்டுவது, சிம் தவறான கைக்குப் போனால் காவல்துறை யாரைத் தேடி வரும் என்பதையெல்லாம் அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது.

வயது என்ன சொல்கிறது

சிங்கப்பூரில் முழு வயது என்பது பொதுச் சட்டப்படி 21. ஆனால் 2009 மார்ச் 1 முதல், குடிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு ஒப்பந்தம் செய்யும் வயதை 18 ஆக இறக்கியது. வீடு, நிலம் வாங்குவது விற்பது, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை போன்ற சில மட்டும் விதிவிலக்கு. போன் ஒப்பந்தம் அந்த விதிவிலக்கில் இல்லை. ஆகவே 18 நிரம்பியவர் கையெழுத்திட்டால் அது 40 வயதுக்காரர் போட்ட கையெழுத்துக்குச் சமம். "அவன் இன்னும் படிக்கிற பிள்ளை" என்று பிறகு பெற்றோர் வாதாட முடியாது.

18க்குக் குறைந்தவர் போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக அவர்மீது நிறுவனம் சட்டப்படி அமல்படுத்த முடியாது. அத்தியாவசியப் பொருளுக்கும் சேவைக்கும் மட்டும் நியாயமான விலையைக் கேட்கலாம். எது அத்தியாவசியம் என்பது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை நிலையையும் அப்போதைய தேவையையும் பார்த்து முடிவாகும். சாதாரண லைனுக்கு அப்படி வாதாட இடம் உண்டு, இந்த ஆண்டு வந்த விலை உயர்ந்த போனுக்கு அது கடினம். இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மாதக் கட்டண ஒப்பந்தத்துக்குக் குறைந்தபட்ச வயது வைக்கின்றன. அதைவிட இளையவர் என்றால் பெற்றோர் பெயரில் எடுக்கச் சொல்கின்றன.

பெற்றோர் பலர் தவறவிடும் ஒரு விஷயம். பிள்ளை செய்த ஒப்பந்தத்துக்குத் தாய் தகப்பன் என்ற ஒரே காரணத்தால் நீங்கள் பொறுப்பாளி ஆகமாட்டீர்கள். ஆனால் உத்தரவாதம் அளிப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால் கதை மாறிவிடும். இங்கு நடைமுறையில் உள்ள வயதுவராதோர் ஒப்பந்தச் சட்டப்படி, பிள்ளையைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தமாக இருந்தாலும் அதற்கு நீங்கள் தந்த உத்தரவாதம் உங்களைக் கட்டுப்படுத்தும். படிவத்தில் "பெற்றோர் சம்மதம்" என்ற தலைப்பின் கீழேயே உத்தரவாத வரிகளும் இருக்கக்கூடும். சம்மதம் வேறு, உத்தரவாதம் வேறு. கீழே உள்ள சிறிய எழுத்தைக் கடையிலேயே நின்று படியுங்கள்.

முன்கட்டண (ப்ரீபெய்ட்) சிம்முக்கு இன்னொரு வயது உண்டு: 15. அதற்குக் குறைந்த பிள்ளை தன் பெயரில் வாங்க முடியாது. குடிமகனோ நிரந்தரவாசியோ தன் அடையாள அட்டையைப் பதிவு செய்து பெறும் வயதும் அதுவே, சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) கணக்கு தொடங்கும் வயதும் அதுவே.

15க்குக் கீழே: முன்கட்டணமா, மாதக் கட்டணமா

இந்த வயதில் எதுவானாலும் உங்கள் பெயரில்தான். உயர்நிலை ஒன்று, இரண்டில் இருக்கும் பிள்ளைக்கு எங்கள் பரிந்துரை, போன் இல்லாமல் சிம் மட்டும் தரும், ஒப்பந்தக் காலம் இல்லாத மாதக் கட்டணத் திட்டம். முன்கட்டண சிம்மில் செலவு எல்லை மீறாது என்பது உண்மை. ஆனால் டாப்-அப் செய்ய மறந்தால் பணம் தீர்ந்த நேரத்தில் பிள்ளை அழைக்க முடியாமல் போகும். செல்லுபடிக் காலம் கடந்தால் எண்ணே போய்விடும். அந்த எண்ணில்தான் பள்ளித் தகவலும் வாட்ஸ்அப் குழுக்களும் இருக்கும்.

முன்கட்டணமே போதும் என்று முடிவு செய்தால் இரண்டு கணக்குகளை நினைவில் வையுங்கள். ஒருவர் பெயரில் எல்லா நிறுவனங்களையும் சேர்த்து மூன்று முன்கட்டண சிம்தான் இருக்கலாம். 2014 முதல் இந்த வரம்பு. ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்கு, வீட்டுப் பணிப்பெண்ணுக்கு என்று உங்கள் பெயரில் ஏற்கெனவே வாங்கியிருந்தால் பிள்ளைக்கு இடம் இருக்காது. மாதக் கட்டண லைன்களுக்கு 2024 ஏப்ரல் 15 முதல் ஒருவருக்குப் பத்து என்ற வரம்பு உண்டு. சாதாரணக் குடும்பத்துக்கு அது தாராளம்.

சிராங்கூன் சாலையிலோ பக்கத்துக் கடையிலோ வாங்கும்போது அடையாள அட்டையைக் கடைக்காரர் ஒருமுறைதான் ஸ்கேன் செய்ய வேண்டும். "சரியாக விழவில்லை" என்று இரண்டாம் முறை கேட்டால் முதல் பதிவு என்ன ஆனது என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் விவரங்களை வைத்துக் கூடுதல் சிம்களைப் பதிவு செய்து விற்ற கடைக்காரர்கள் கைதான சம்பவங்கள் இங்கே உண்டு. மூன்று சிம் ஆகிவிட்டது என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், அத்தனை வாங்கிய நினைவு இல்லாத பட்சத்தில் அதைச் சும்மா விடாதீர்கள். அந்தந்த நிறுவனத்தை அழைத்து உங்கள் பெயரில் உள்ள எண்களைக் கேளுங்கள்.

எத்தனை ஜிபி என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை உட்பட பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசி பயன்படுத்தக் கூடாது என்பது கல்வி அமைச்சின் விதி. தொடக்கப்பள்ளிகளில் அதற்கு முன்பே அப்படித்தான். வீட்டில் வைஃபை இருக்கிறது, நூலகத்திலும் கடைத்தொகுதிகளிலும் வயர்லஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபை இலவசம். பேருந்துப் பயணத்துக்கு மட்டும் தேவைப்படும் டேட்டாவுக்கு மிகக் குறைந்த திட்டமே போதும்.

உங்கள் பழைய போனைப் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறீர்களா? 2024இல் 3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்காத பழைய போனிலும், வெளிநாட்டில் வாங்கிய சில போன்களிலும் இணையம் ஓடும், சாதாரண அழைப்பு போகாது. வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்வதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. அவசரத்துக்கு 995 அழைக்கும் நேரத்தில்தான் தெரியவரும். சிம்மைப் போட்டு, வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு வீட்டு எண்ணுக்கு ஒரு சாதாரண அழைப்புப் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால் சரி.

போனோடு சேர்ந்த 24 மாத ஒப்பந்தம்

குறைந்த விலையில் போன் என்று விளம்பரப் பலகை சொல்லும். கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் உதாரணம். போனின் கடை விலை 1,200 வெள்ளி. ஒப்பந்தத்தோடு எடுத்தால் 600 வெள்ளி, மாதம் 70 வெள்ளி, 24 மாதம். மொத்தம் 2,280. அதே போனை முழு விலைக்கு வாங்கி மாதம் 15 வெள்ளிக்கு சிம் மட்டும் போட்டால் 24 மாதத்தில் 1,560. வித்தியாசம் 720 வெள்ளி. 400 வெள்ளிக்கு ஒரு சாதாரண புதுப் போன் வாங்கினால் மொத்தமே 760தான். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்: போனுக்கு இன்று கட்டுவது, அதோடு மாதக் கட்டணம் பெருக்கல் 24. விளம்பர விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிள்ளைக்கு இந்த வகை ஒப்பந்தம் பொருந்தாததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. 13 வயதுப் பிள்ளை போனைத் தொலைக்கும், திரையை உடைக்கும். போன் போனாலும் ஒப்பந்தம் போகாது. முன்கூட்டியே நிறுத்தினால் அபராதம். சில திட்டங்களில் அது மாதாமாதம் குறைந்துவரும், சிலவற்றில் மீதமுள்ள மாதங்களின் கட்டணத்தை மொத்தமாகக் கேட்பார்கள். கையெழுத்துக்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஆறாவது மாதம் நிறுத்தினால் எத்தனை வெள்ளி, பதினெட்டாவது மாதம் நிறுத்தினால் எத்தனை?" பதிலை ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். போன் விலையும் சேர்ந்த மாதக் கட்டணம், 24 மாதம் முடிந்த பின்பும் தானாகக் குறைவதில்லை. மாதம் 70 வெள்ளி தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். முடிந்த மாதமே சிம் மட்டும் உள்ள திட்டத்துக்கு மாறுங்கள்.

சார்ந்திருப்போர் அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இருக்கும் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒன்று. பாஸ் எத்தனை மாதம் செல்லும் என்பதை நிறுவனம் பார்க்கும், வைப்புத்தொகை கேட்கவும் கூடும். வேலை மாறி ஊர் திரும்ப வேண்டி வந்தாலும் ஒப்பந்தம் அப்படியே நிற்கும். 24 மாதம் இங்கே இருப்போம் என்ற உறுதி இல்லாத எவரும் போனோடு சேர்ந்த ஒப்பந்தத்தைத் தொடவே வேண்டாம்.

லைன் வந்த முதல் நாள் செய்ய வேண்டியவை

எதிர்பாராத பில் வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். பிள்ளைகள் திட்டத்துக்கு வெளியே கிடக்கும் கதவுகளைத் திறந்துவிடுவதே காரணம். சிம்மைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவை வழியாகவோ கீழ்க்கண்டவற்றை முடக்குங்கள்.

வெளிநாட்டு டேட்டா. உட்லண்ட்ஸ், கிராஞ்சி, பொங்கோல் கடற்கரை ஓரங்களில் போன் ஜொகூர் அலைவரிசையைப் பிடித்துக்கொள்வது உண்டு. பிள்ளை சிங்கப்பூரில் நின்றபடியே மலேசியக் கட்டணத்துக்குள் போய்விடும். போனில் மட்டும் அணைத்தால் பிள்ளை மீண்டும் போட்டுவிடலாம், ஆகவே நிறுவனத்தின் பக்கமே முடக்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது திறந்து, திரும்பியதும் மூடுங்கள்.

சிறப்புக் கட்டணச் சேவை. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே வாரந்தோறும் பணம் பிடிக்கும் போட்டிகள், சந்தாக்கள் இதில் அடங்கும். இதை முடக்கச் சொன்னால் கட்டணம் இல்லாமல் செய்து தர வேண்டியது நிறுவனத்தின் கடமை.

போன் பில்லில் பணம் சேர்க்கும் வசதி. இதுதான் பலரும் அறியாதது. ஆப் ஸ்டோரிலும் கூகிள் பிளேயிலும் கடன் அட்டை இல்லாமலேயே, வாங்கியதன் விலையைத் தொலைபேசிப் பில்லோடு சேர்க்க முடியும். விளையாட்டுக்குள் வைரம், ஸ்கின், பெட்டி என்று பிள்ளை அழுத்த அழுத்த, பில் உங்கள் பெயரில் ஏறும். அட்டையே பதிவு செய்யவில்லையே என்று நிம்மதியாக இருக்கும் வீட்டில்தான் இது நடக்கிறது. லைனில் இந்த வசதியை மூடிவிட்டு, கூடவே ஆப்பிளின் குடும்பப் பகிர்வு அல்லது கூகிளின் ஃபேமிலி லிங்க் வழியாக ஒவ்வொரு வாங்குதலுக்கும் உங்கள் ஒப்புதல் தேவை என்று வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள். பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து சாதாரண அழைப்பு வரும் தேவை பொதுவாக இல்லை, ஊரில் உள்ள உறவினர் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார்கள். அவற்றை முடக்கும் வசதியை நிறுவனங்கள் தருகின்றன. ஸ்கேம்‌ஷீல்டு என்ற மோசடித் தடுப்புச் செயலியையும் போட்டுவிடுங்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் அழைக்க 1799 என்ற எண்ணைப் பிள்ளையின் தொடர்புப் பட்டியலில் சேமியுங்கள்.

"மூன்று மாதம் இலவசம்" என்று இணைத்துத் தரும் இசை, பாதுகாப்பு, காப்புறுதிச் சேவைகளில் தேவையில்லாததைக் கடையிலேயே நீக்கச் சொல்லுங்கள். முதல் பில் பெரிதாக இருந்தால் உடனே பதற வேண்டாம். பொதுவாக அதில் தொடக்க நாட்களின் பங்கும் அடுத்த மாத முன்பணமும் சேர்ந்திருக்கும். இரண்டாம் பில்தான் உண்மையான அளவு. அதை வரிவரியாகப் படியுங்கள்.

15 முதல் 17 வரை

இந்த வயதில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பிள்ளைக்குத் தன் பெயரில் முன்கட்டண சிம் வாங்கும் உரிமை வந்துவிட்டது. "உன் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடு, காசு தருகிறேன்" என்று டெலிகிராமிலும் பள்ளி நண்பர் வட்டத்திலும் ஆட்கள் கேட்பார்கள். அந்த சிம் மோசடிக் கும்பலுக்குப் போகும். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ தன் பெயரில் உள்ள சிம்மைக் கொடுப்பவருக்கும், சிம் வாங்கத் தன் விவரங்களைக் கொடுப்பவருக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெற்றோர் பிள்ளையின் உபயோகத்துக்கு சிம் வாங்குவது இதில் அடங்காது. 15ஆவது பிறந்தநாளை ஒட்டியே இந்தச் சட்டத்தைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லுங்கள். 30 வெள்ளிக்கு ஆசைப்பட்டுப் பெயரைக் கொடுக்கும் பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல, அதன் விளைவு தெரியாத பிள்ளை.

உங்கள் சிங்பாஸும் கவனிக்க வேண்டியது. இணையத்தில் லைன் எடுப்பது இன்று பெரும்பாலும் சிங்பாஸ் வழியாக விவரங்களை எடுத்து சில நிமிடங்களில் முடிகிறது. வீட்டில் அப்பாவின் போன் கடவுக்குறி பிள்ளைக்குத் தெரியும் என்றால் அப்பாவின் பெயரில் ஒப்பந்தம் போடவும் வழி திறந்திருக்கிறது. ஆறு இலக்கக் குறியைப் பகிராதீர்கள், அவசரத்துக்கும் கூட.

ஏற்கெனவே கையெழுத்து விழுந்துவிட்டால்

18 நிரம்பாத பிள்ளையின் பெயரில் எப்படியோ ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போனைப் பயன்படுத்துவதை நிறுத்தி, பெட்டியோடு பத்திரமாக வையுங்கள். விற்றுவிடாதீர்கள். ஒப்பந்தம் அமல்படுத்த முடியாததாக இருந்தாலும், பெற்ற பொருளைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அடுத்து ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு வாங்கி மூன்றைப் பாருங்கள்: கையெழுத்திட்ட தேதி, எழுதப்பட்டுள்ள பிறந்த தேதி, உத்தரவாதக் கையெழுத்து யாருடையது. பிறகு பிறப்புச் சான்றிதழ் நகலோடு எழுத்துமூலம் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்: கையெழுத்திட்ட நாளில் பிள்ளைக்கு வயது இத்தனை, ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள், போனைத் திருப்பித் தருகிறோம். தொலைபேசியில் பேசினால் தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்து, அதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

வழக்கமாகத் தவறு நடப்பது இதற்குப் பிறகு. பேச்சு இழுத்துக்கொண்டே போய் பிள்ளைக்கு 18 ஆகிவிடும். அப்போது தவணைத் திட்டத்திலோ புதிய படிவத்திலோ கையெழுத்துப் போட்டால், பழைய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடலாம். 18ஐ நெருங்கும் பிள்ளை என்றால் விவகாரம் முடியும்வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

நிறுவனம் இறங்கி வரவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளுக்கென்றே 2022 ஏப்ரல் முதல் சிங்கப்பூர்ச் சமரச நிலையம் ஒரு தீர்வுத் திட்டத்தை நடத்துகிறது. முதலில் சமரசம், அது பலிக்காவிட்டால் தீர்ப்பு. ஆனால் நிறுவனத்திடம் நேரடியாகப் பேசிப் பார்த்ததற்கான ஆதாரம் வேண்டும். அந்த மின்னஞ்சல்கள் அங்கேதான் பயன்படும்.

18 ஆனதும் பெயர் மாற்றுவது

தேசிய சேவைக்குப் போகும் மகன், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகள் என்று இந்த வயதில் லைனைப் பிள்ளையின் பெயருக்கே மாற்றுவது நல்லது. சிங்பாஸ், வங்கி, எல்லாம் அந்த எண்ணில்தான் கட்டியிருக்கும். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் யார் பெயரில் லைன் இருக்கிறதோ அவர் நினைத்தால் அதை நிறுத்த முடியும்.

வரிசை தவறினால் எண் போய்விடும் என்பதால் இதை நிதானமாகச் செய்யுங்கள். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனம் மாறும் வசதி 2008 ஜூனிலிருந்து இருக்கிறது. ஆனால் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் பதிவான பெயரும் அடையாள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அம்மா பெயரில் உள்ள எண்ணை மகள் நேராகத் தன் பெயரில் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். முதலில் பழைய நிறுவனத்தில் உரிமை மாற்றம், அது முடிந்தது என்று உறுதியான பின் நிறுவன மாற்றம். பழைய லைனை நீங்களாக ரத்து செய்யவே கூடாது. செயலில் இருக்கும் எண்ணைத்தான் மாற்ற முடியும், மாறியதும் பழையது தானாக முடிந்துவிடும். முன்கட்டண சிம் என்றால் மிச்சமிருக்கும் பணம் புதிய இடத்துக்கு வராது, செலவழித்துவிட்டு மாறுங்கள்.

உரிமை மாற்றத்துக்கு முன் பில் பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். அடையாள அட்டைகளோடு இருவரும் கடைக்குப் போவதே சிக்கல் குறைந்த வழி. ஒப்பந்தக் காலம் மீதம் இருந்தால் அதுவும் பிள்ளையின் பெயருக்குப் போகும், ஆகவே எத்தனை மாதம் மீதம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கடன் அட்டையிலோ ஜைரோவிலோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) கட்டணம் பிடிக்கப்படுவது அதே நாளில் நின்றதா என்று பாருங்கள். முதல் நாள் முடக்கி வைத்த வெளிநாட்டு டேட்டா, சிறப்புக் கட்டணம், பில்லில் வாங்குதல் ஆகியவை உரிமை மாறும்போது மீண்டும் திறந்துகொண்டிருக்கலாம். செயலியில் பிள்ளையை உள்நுழையச் சொல்லி ஒவ்வொன்றையும் மறுபடி மூடச் சொல்லுங்கள்.